ரூட் செய்த ஃபோன் பூட் ஆகாமல் நின்றால்: எந்த வழி முதலில், எது கடைசியில்

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, 11 மணிக்கு மேல், அக்கா மகன் அவன் அம்மாவின் ஃபோனிலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, என் ஃபோன் அனிமேஷன் வரைக்கும் வருது, அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. இப்ப கறுப்பு ஸ்க்ரீன்ல ரெண்டு ஆப்ஷன் காட்டுது. ஃபேக்டரி டேட்டா ரீசெட் குடுக்கவா?"

"கையை எடு முதல்ல. என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல மாமா."

ரூட் செய்த ஃபோன், அதாவது சிஸ்டத்தையே மாற்றும் முழு அதிகாரத்தைத் திறந்துவிட்ட ஃபோன், வைத்திருக்கும் எல்லாரும் முதலில் சொல்லும் பதில் இதுதான். இரண்டாம் தடவை கேட்டபோது விஷயம் வந்தது. ஆண்ட்ராய்டு 9 வந்ததிலிருந்து வெளி ஆப்களால் ஒழுங்காகக் கால் ரெக்கார்ட் செய்ய முடிவதில்லை. அதைச் சமாளிக்க ஒரு ரெக்கார்டர் ஆப்பை ரூட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஃபைல் மேனேஜர் வழியாகச் சிஸ்டத்துக்குள் 'ப்ரிவ்-ஆப்' என்ற ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்து ரீபூட் செய்திருக்கிறான். அவ்வளவுதான் செய்தான். அந்த ஃபோனில் தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் 400க்கு மேல் இருந்தன. வேறெங்கும் காப்பி கிடையாது.

இந்த மாதிரி நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ரீசெட் அடி, ரோமை (ஃபோனின் முழு சாஃப்ட்வேர் தொகுப்பு) மேலேயே ஃப்ளாஷ் பண்ணு (பார்ட்டிஷனில் நேரடியாக எழுது), பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணு, கடையில் கொடுத்துச் 'சாஃப்ட்வேர் போடு'. ஒவ்வொன்றும் எந்த இடத்தைத் தொடுகிறது, எதை அழிக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் குறைவு. நான் பார்த்தவரை, டேட்டா போன ஃபோன்களில் பாதிக்கு மேல் முதல் கோளாறால் போகவில்லை; அவசரத்தில் எடுத்த இரண்டாவது முடிவால்தான் போயின.

ரீசெட் ஏன் இங்கே எடுபடாது

ஃபோனின் சேமிப்பகம் பூட், சிஸ்டம், வெண்டர், டேட்டா எனத் தனித்தனிப் பார்ட்டிஷன்களாகப் பிரிந்திருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் காலி செய்வது டேட்டாவை. நம் படங்கள், ஆப்கள், மெசேஜ்கள் எல்லாம் இருக்கும் இடம் அது. சிஸ்டத்தின் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்காது. சிஸ்டத்துக்குள் நாம் வைத்த தப்பான ஃபைல் வைத்த இடத்திலேயே இருக்கும்; ஃபோன் மறுபடி அதே இடத்தில் இடறும். அடுப்பங்கரைக் குழாய் ஒழுகுகிறதென்று பீரோவைக் காலி செய்கிற வேலை.

கொடுமை என்னவென்றால், அந்த யோசனையை ஃபோனே சொல்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் 'ரெஸ்க்யூ பார்ட்டி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. சிஸ்டம் திரும்பத் திரும்ப விழுந்தால் அது முதலில் சில செட்டிங்ஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும். அப்படியும் எழாவிட்டால் சிஸ்டம் எழாதபோதும் ஓடும் பழுதுபார்ப்புத் திரையான ரிக்கவரிக்குப் போய், டேட்டா கெட்டிருக்கலாம் என்று சொல்லி, 'மீண்டும் முயற்சி', 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' என்று இரண்டை மட்டும் நீட்டும். நாம் சிஸ்டத்தில் கை வைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. ரூட் செய்யாத ஃபோனில் அந்த ஊகம் பெரும்பாலும் சரி. நம் கதையில் தப்பு.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ரூட் கொடுக்கும் கருவியான மேஜிஸ்க்கில் சேர்க்கும் மாட்யூல்கள் (கூடுதல் இணைப்புகள்) டேட்டாவுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன, ஆகவே மாட்யூலால் வந்த பூட்லூப் (முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்குவது) ரீசெட்டில் சரியாகும். கம்ப்யூட்டரிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாகப் 'பயனர் 0' என்று குறிப்பிட்டு நீக்கிய சிஸ்டம் ஆப்களும் அப்படியே. அவை உண்மையில் அழிக்கப்படுவதில்லை, அந்தப் பயனருக்கு மறைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்குமே டேட்டாவை இழக்காத வழி இருக்கும்போது எதற்கு ரீசெட்?

எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கம்பெனி லோகோவைத் தாண்டவே இல்லை என்றால் சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னல் மட்டத்துச் சிக்கல். பூட் இமேஜ் பொருந்தவில்லை, அல்லது சரிபார்ப்பு தடுக்கிறது. அசையும் பூட் அனிமேஷன் வரை வந்து சுற்றுகிறது என்றால் நல்ல செய்தி: கெர்னல் எழுந்துவிட்டது, சிஸ்டத்தின் மேல்தளத்தில் ஏதோ ஒன்றுதான் இடறுகிறது. யூஎஸ்பி டீபக்கிங் முன்பே ஆனில் இருந்து, அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதியும் கொடுத்திருந்தால், அனிமேஷன் ஓடும்போதே ஏடிபி பேசும். உள்ளே நடப்பதை வரிவரியாகக் காட்டும் லாக்கேட்டை ஓடவிட்டால் ஃபோன் தன் வாயால் காரணத்தைச் சொல்லிவிடும்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கேபிளை மாட்டி லாக்கேட் போட்டதும் திரை முழுக்க வரிகள் ஓடின. சுற்றுக்கு ஒரு தடவை, ஆண்ட்ராய்டின் முக்கிய வேலைகளை நடத்தும் சிஸ்டம் சர்வர் செத்து எழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் ஒரே வரி. சலுகை பெற்ற அனுமதி ஒன்று வெள்ளைப்பட்டியலில் இல்லை என்று சொல்லி, கூடவே அந்த ரெக்கார்டர் ஆப்பின் பேக்கேஜ் பெயர். ப்ரிவ்-ஆப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப், ஃபோனின் ஆடியோவைப் பிடிப்பது போன்ற சலுகை அனுமதி கேட்டால், அந்த அனுமதி சிஸ்டத்தின் பெர்மிஷன் பட்டியல் ஃபைலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், இந்தச் சோதனை கட்டாயமாக்கப்பட்ட ஃபோன்களில் சிஸ்டம் சர்வர் மேலே ஏற மறுத்துவிடும். பையன் ஆப்பை வைத்தான், பட்டியலில் எழுதவில்லை.

"இது ஒரு வரிக்காகவா மாமா?" என்றான்.

"ஒரு வரிக்காகத்தான்."

செய்ததை மட்டும் திருப்புவது

காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவிட்டால் மற்ற வழிகளுக்குப் போக வேண்டியதே இல்லை. மாற்றிய ஃபைலைப் பழையபடி ஆக்கிவிட்டால் முடிந்தது. இதற்கு வேண்டியது டீடபிள்யூஆர்பி மாதிரி, கம்பெனி அல்லாத வெளியார் செய்த ஒரு கஸ்டம் ரிக்கவரி. ஃபோனில் அது இல்லாவிட்டாலும், பூட்லோடர் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் ப்ரோகிராம்) திறந்திருந்தால், பல மாடல்களில் அதன் கட்டளை முறையான ஃபாஸ்ட்பூட் வழியாக அதை ஒரு தடவைக்கு மட்டும் நினைவகத்தில் ஏற்றி ஓட்டலாம். ஃப்ளாஷ் செய்ய வேண்டியதில்லை. நான் அன்று செய்தது அப்படித்தான்.

ரிக்கவரி எழுந்ததும் முதல் வேலை படங்களை எடுப்பது, பழுதுபார்ப்பது அப்புறம். பின் நம்பர் கேட்கும். கொடுத்ததும் உள் சேமிப்பகம் திறந்தால் அதிர்ஷ்டம். ஃபோல்டர் பெயர்கள் பொருளற்ற எழுத்துக் கொத்துகளாகத் தெரிந்தால் என்க்ரிப்ஷன் அவிழவில்லை என்று அர்த்தம். அப்போது அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. அந்த மாடலுக்கும் ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஏற்ற வேறு ரிக்கவரி பதிப்பு தேட வேண்டும். எங்களுக்குத் திறந்தது. 400 படங்களும் லேப்டாப்புக்கு வந்த பிறகுதான் அக்கா காபியே கொடுத்தாள்.

அதன் பிறகு சிஸ்டத்தை எழுதும் நிலையில் மவுண்ட் செய்து, அந்த ஆப்பின் ஃபோல்டரை அழித்து, ரீபூட். மொத்தம் 3 நிமிடம்.

எல்லாத் தவறும் இப்படி அழித்தால் சரியாகிவிடாது. ஃபோனின் அடிப்படை அமைப்புகள் எழுதியிருக்கும் பில்ட்.ப்ராப் ஃபைலைத் திருத்தியவர்கள் பழைய வரியைத் திரும்ப எழுதினாலும் ஃபோன் எழாமல் போவதுண்டு. காரணம், எடிட்டர் ஃபைலைப் புதிதாகச் சேமிக்கும்போது அதன் பெர்மிஷன் (யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் எண்) மாறியிருக்கும். சிஸ்டத்துக்குள் பெரும்பாலான ஃபைல்களுக்கு 0644, ஃபோல்டர்களுக்கு 0755, உரிமையாளர் ரூட். பில்ட்.ப்ராப் மட்டும் புதிய பதிப்புகளில் 0600. அதோடு எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் லேபிளும் சரியாக இருக்க வேண்டும். எஸ்டி கார்டிலிருந்து காப்பி செய்த ஃபைல் அங்கிருந்த அடையாளத்தோடேயே வந்து உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் மாற்றாத ஃபைல் ஒன்று இருக்கும்; அதன் வரியையும் இதன் வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் பட்டுவிடும்.

இந்த 644 பாடம் எங்கள் வயதுக்காரர்களுக்குப் பழசு. ஆண்ட்ராய்டு 2.3 காலத்தில் பல ஃபோன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். அதற்காகவே ரூட் செய்து, சிஸ்டத்தின் எழுத்துரு ஃபைலைத் தூக்கிவிட்டுத் தமிழ் சேர்த்த ஒன்றை வைப்போம். தமிழ் வரும், 'கெ'யின் கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்கே அவ்வளவு சந்தோஷம்.

மேஜிஸ்க் மாட்யூலால் நின்ற ஃபோன் என்றால் இன்னும் எளிது. வெளி ஆப்கள் இல்லாமல் எழும் சேஃப் மோடில் ஒரு தடவை ஏற்றினால் போதும், மேஜிஸ்க் அதை உணர்ந்து எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். அடுத்த சாதாரண பூட்டிலும் அவை முடங்கியே இருக்கும். ஏடிபி கிடைத்தால், மாட்யூல்களை ஒரேயடியாக நீக்கும் கட்டளை மேஜிஸ்க்கிலேயே இருக்கிறது. சேஃப் மோடுக்கான பட்டன் ஃபோனுக்கு ஃபோன் மாறும். பலவற்றில் லோகோ வந்தபின் வால்யூம் டவுனை அழுத்திப் பிடிப்பது.

ஆகவே என் கணக்கில் இதுதான் முதல் வழி. டேட்டா போகாது, டவுன்லோடு அதிகம் இல்லை, தப்பாகச் செய்தாலும் நிலைமை மோசமாவது குறைவு. குறை ஒன்றே ஒன்று: என்ன மாற்றினோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வேண்டாத ஆப்களை நீக்கும் 'டீப்ளோட்' ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டு 60 ஆப் போய்விட்டது, எது என்று தெரியாது என்றால் இந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிஸ்டத்தை மட்டும் புதிதாக எழுதுவது

என்ன கெட்டது என்று தெரியாதபோது, கெட்ட பார்ட்டிஷனை முழுவதுமாகப் புதிதாக எழுதிவிட்டு டேட்டாவைத் தொடாமல் விடுவதுதான் சரி. 'டர்ட்டி ஃப்ளாஷ்' என்பார்கள். பெயர்தான் அழுக்கு, பூட்லூப் கேஸ்களில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். நிபந்தனை: ஃபோனில் இருந்த அதே ரோம், அதே பதிப்பு எண். பழைய பதிப்பை மேலே போட்டால் டேட்டா அதோடு ஒத்துப்போகாது, பிறகு வேறு வழியில்லாமல் ஃபார்மட் அடிக்க வேண்டி வரும்.

கம்பெனிக்குக் கம்பெனி இதன் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. பிக்சல் ஃபோன்களின் ஃபேக்டரி இமேஜோடு வரும் ஃப்ளாஷ்-ஆல் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், அப்டேட் கட்டளையில் சிறு கோட்டுடன் 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்து இருக்கும். டேட்டாவை அழிப்பது அந்த ஓர் எழுத்துதான். அதை நீக்கிவிட்டு ஓட்டினால் படங்கள் தப்பும். அதைவிட நல்லது, முழு ஓடிஏ (அப்டேட்) ஃபைலை ரிக்கவரியில் சைட்லோடு செய்வது, அதாவது கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றுவது: பூட்லோடர் பூட்டியிருந்தாலும் நடக்கும், டேட்டாவையும் தொடாது.

சாம்சங்கில் இதற்கான கருவியின் பெயர் ஓடின். சிஎஸ்சி என்ற கட்டத்தில் இரண்டு ஃபைலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஹோம்' என்று தொடங்குவது டேட்டாவை விட்டுவைக்கும், வெறும் சிஎஸ்சி துடைத்துவிடும். ஃபைல் பெயர்கள் நீளமாக, ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் தப்பானதைச் சொடுக்குவது சாதாரணம். பதிப்பு எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தையும் பாருங்கள். அது பூட்லோடர் திருத்த எண். ஃபோனில் இருப்பதைவிடக் குறைவானதை அது ஏற்காது.

ஷாவ்மியில் மி ஃப்ளாஷ் கருவியின் கீழ்வரிசையில் மூன்று தேர்வுகள். எல்லாவற்றையும் துடை, பயனர் டேட்டாவை வைத்திரு, துடைத்துப் பூட்டு. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. சீனச் சந்தை ஃபோனில் குளோபல் ரோம் போட்டுவிட்டுப் பூட்லோடரைப் பூட்டினால், இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது என்று ரிக்கவரியிலேயே நின்றுவிடும். கருவியைத் திறக்கும்போது அந்தத் தேர்வே குறியிடப்பட்டிருப்பதும் உண்டு. கண் அங்கே போகாமல் ஃப்ளாஷ் பட்டனைத் தட்டியவர்கள் ஏராளம். 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ முதலானவற்றில் பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ஆன்ட்டி-ரோல்பேக்கும் வந்துவிட்டது. கவனிக்காமல் பழைய ரோம் போட்டவர்களின் ஃபோன் ஒரேயடியாக இருண்டுபோனது. பிக்சல் 6 வரிசையிலும் ஆண்ட்ராய்டு 13-க்குப் போனபின் 12-க்குத் திரும்ப முடியாதபடி பூட்லோடர் மாறியது.

எந்தக் கம்பெனியானாலும், சிஸ்டம் மாற்றப்பட்ட நிலையில் பூட்லோடரைப் பூட்டக் கூடாது. ஃபோன் 'கெட்டுப்போனது' என்று மறுத்துவிடும். திரும்பத் திறப்பது சில மாடல்களில் நடக்கவே நடக்காது, நடந்தாலும் திறக்கும்போது டேட்டா துடைக்கப்படும்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த ஃபோன்கள் முதல் சிஸ்டம், வெண்டர் எல்லாம் 'சூப்பர்' என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் பலவும் எழுத முடியாத வடிவத்தில். புதிய ஃபோன்களில் ஈரோஎஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பே படிக்க மட்டும்தான். ஆகவே முந்தைய பிரிவில் சொன்ன 'ஃபைலை எடுத்துவிடு' வைத்தியம் இவற்றில் சிஸ்டத்துக்குள் செல்லாது. ஏதோ ஸ்கிரிப்ட் போட்டு சூப்பரை எழுதும்படி மாற்றி, அதில் கெட்டது என்றால், ஃபாஸ்ட்பூட்டியில் ஒரிஜினல் இமேஜை ஃப்ளாஷ் செய்வதே வழி. இந்த ஃபாஸ்ட்பூட்டி பழைய ஃபாஸ்ட்பூட் அல்ல, ரிக்கவரிப் பக்கம் ஓடுவது. பழையதில் நின்றுகொண்டு சிஸ்டத்தை எழுது என்றால் பார்ட்டிஷனே இல்லை என்று சொல்லும். ஃபோன் போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

ஏ, பி என இரண்டு ஸ்லாட் (சிஸ்டத்தின் இரண்டு பிரதிகளுக்கான இடம்) உள்ள ஃபோனில் மறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். சமீபத்தில் அப்டேட் ஆகி, பழைய பதிப்பு மறு ஸ்லாட்டில் முழுதாக இருந்தால் பலிக்கும். ஆனால் டேட்டா இரண்டுக்கும் பொது. புதிய பதிப்பு பழக்கிய டேட்டாவைப் பழைய பதிப்பு ஏற்காமல் போகலாம். ஒரு தடவை முயலலாம், நம்பியிருக்க முடியாது.

பேக்கப் இருக்கிறவர்கள்

டீடபிள்யூஆர்பியில் எடுத்த நான்ட்ராய்டு பேக்கப் (பார்ட்டிஷன்களின் முழு நகல்) இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் மொத்தத்தையும் ரீஸ்டோர் செய்யாதீர்கள். சிஸ்டத்தையும் பூட்டையும் மட்டும் குறியிட்டுத் திருப்புங்கள். பேக்கப் எடுத்த நாளுக்குப் பிறகு சேர்ந்த டேட்டா அப்படியே இருக்கும். டேட்டாவையும் சேர்த்துத் திருப்பியவர்களுக்குப் பின் நம்பர் பிடிக்காமல் வாசலில் நிற்கும் தொல்லை வந்திருக்கிறது. பேக்கப் அதே ஃபோனுக்குள் இருந்தால், என்க்ரிப்ஷன் அவிழாத நாளில் அது இருந்தும் இல்லாததுதான்.

கடையில் கொடுப்பது

கடையில் "சாஃப்ட்வேர் போடணும், டேட்டா போயிடும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். பல நேரம் டேட்டா போகாமலும் செய்யலாம். வாங்கும் கூலிக்கு அவ்வளவு நேரம் அவர்களுக்குக் கட்டாது, குற்றம் சொல்ல முடியாது. ஆகவே படங்களை எடுக்க வழி இருக்கும்வரை கடைக்குப் போகாதீர்கள். ஃபாஸ்ட்பூட்டும் வரவில்லை, ரிக்கவரியும் வரவில்லை, கம்ப்யூட்டரில் குவால்காம் 9008 (சிப்பின் அவசர நிலை) என்று மட்டும் காட்டுகிறது என்றால் நேராகக் கடை. அதற்குரிய லோடர் ஃபைலும், சில கம்பெனிகளுக்கு அனுமதி பெற்ற அக்கவுன்ட்டும் வேண்டும், வீட்டில் கிடைக்காது.

மீடியாடெக் ஃபோனைக் கொடுக்கும்போது மட்டும் பக்கத்தில் நின்று ஒன்று சொல்லுங்கள். எஸ்பி ஃப்ளாஷ் டூலில் 'டவுன்லோட் ஒன்லி' போடச் சொல்லுங்கள். 'ஃபார்மட் ஆல்' சேர்த்துப் போட்டால் ஐஎம்ஈஐ இருக்கும் பகுதியும் துடைக்கப்பட்டு, ஃபோன் எழுந்தபின் சிம் வேலை செய்யாது. வாங்கும்போது *#06# அடித்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

சாம்சங்காரர்கள் சர்வீஸ் சென்டரில் எதையும் மறைக்க முயல வேண்டாம். ரூட் செய்தபோதே நாக்ஸ் ஃப்யூஸ் (சாஃப்ட்வேரில் கை வைத்ததை நிரந்தரமாகப் பதியும் குறி) 0x1 ஆகியிருக்கும், ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டாலும் அது திரும்பாது, செக்யூர் ஃபோல்டரும் திரும்பாது.

முழுவதும் துடைப்பது எப்போது

துடைத்து எழுதுவதை நான் வெறுப்பவன் அல்ல. படங்கள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால், ரோம் மாறுகிறது அல்லது பதிப்பு கீழே போகிறது என்றால், அதுவே சுத்தமான வழி. ஒரு மணி நேரத்தில் முடியும். டர்ட்டி ஃப்ளாஷுக்குப் பிறகு எங்கேயாவது ஓர் ஆப் கிறுக்குத்தனம் செய்யும் தொல்லையும் இருக்காது. எந்த ஃப்ளாஷாக இருந்தாலும் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். கேபிள் ஆடக் கூடாது. ஃபாஸ்ட்பூட் காரணமில்லாமல் தொங்கினால் யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், நூற்றுக்கு நூறு மூடநம்பிக்கை மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

ஆக, என்னிடம் யாராவது கேட்டால் முதலில் மூன்றே கேள்விகள்தான் கேட்பேன். எங்கே நிற்கிறது? எதை மாற்றினாய்? படங்கள் வெளியே இருக்கிறதா? மாற்றியது தெரியும் என்றால் அதைத் திருப்பு. தெரியாது என்றால் அதே பதிப்பை டேட்டாவைத் தொடாமல் எழுது. படங்கள் பத்திரம் என்றால் எதையும் செய், எனக்குக் கவலை இல்லை.

அக்கா வீட்டில் ஃபோன் இரண்டாம் முயற்சியில் எழுந்தது. ரெஸ்க்யூ பார்ட்டி கலைத்த சில செட்டிங்ஸ் தவிர எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அக்கா தாத்தாவுக்கு ஃபோனில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா, அந்தப் பெர்மிஷன் ஃபைல்ல வரியையும் சேர்த்து, மேஜிஸ்க் மாட்யூலா பண்ணிப் போட்டா?"

"போட்டா வேலை செய்யும்."

"நின்னுட்டா?"

"சேஃப் மோடுக்கு எந்தப் பட்டன்னு முதல்ல கண்டுபிடி," என்றேன். அவன் அம்மாவின் ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.